மேகம் இல்லாத வானம்: லாரிஸா ஷெபித்கோவின் ‘சிறகுகள்’

‘சிறகுகள்’ என்ற ரஷ்யப் படத்தைப் பற்றிப் பல வருடங்கள் நான் தவறான அபிப்பிராயம் வைத்திருந்தேன். அதற்குப் பாதிக் காரணம் என் பார்வை. மீதிப் பாதிக் காரணம் நான் பார்த்த பிரதி.

ஒரே தட்டில் ஐந்து படங்களை அடைத்து விற்ற காலம் அது. பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய டிஸ்க்கில் நான்காவது படமாக இது இருந்தது. படத்தின் நாயகி நதேழ்தா பெத்ருகினா, போரில் சண்டை விமானம் ஓட்டியவள். அவள் அடிக்கடி வானத்தை நினைத்துக்கொள்வாள். அப்போதெல்லாம் என் டிவியில் வெறும் வெள்ளை வந்தது. அந்த வெள்ளையும் கட்டம் கட்டமாக உடைந்து நடுங்கியது. ‘இந்த வெறுமைக்காகவா ஒரு பெண் இவ்வளவு ஏங்குகிறாள்?’ என்று நினைத்தேன். எரிச்சல் பிடித்த ஒரு தலைமையாசிரியையின் கதை என்று முடிவு கட்டி, தட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

பிறகு முறையான டிவிடியில் பார்த்தபோதுதான் அந்த இடங்களில் மேகங்கள் இருப்பது தெரிந்தது. அடுக்கடுக்கான மேகங்கள். அவற்றுக்கு நடுவே விமானம் சாய்ந்து திரும்பும்போது ஒளி மாறுகிறது. அதைப் பார்த்த பிறகு, தரையில் நடக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் வேறு அர்த்தம் வந்தது.

படத்தை இயக்கிய லாரிஸா ஷெபித்கோ 1938இல் உக்ரைனில் பிறந்தவர். மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் அலெக்சாந்தர் தவ்ஷென்கோவிடம் படித்தார். வயலையும் மழையையும் ஆப்பிள் பழங்களையும் வைத்துத் திரையில் கவிதை செய்தவர் தவ்ஷென்கோ. ஷெபித்கோவின் முதல் முழுநீளப் படம் ‘வெப்பம்’, சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. சோவியத் புத்தகங்களைத் தமிழில் படித்து வளர்ந்த நம் தலைமுறைக்கு ஐத்மாத்தவ் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. ஆனால் அவர் கதையைப் படமாக எடுத்த இந்தப் பெண்ணின் பெயர் நம் காதில் விழுந்ததே இல்லை. ‘சிறகுகள்’ 1966இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 28. 1977இல் ‘ஏற்றம்’ படத்துக்காக பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதைப் பெற்றார். 1979இல் அடுத்த படத்துக்கு இடம் பார்க்கப் போன வழியில் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் படத்தை அவருடைய கணவர், இயக்குநர் எலெம் கிளிமோவ், எடுத்து முடித்தார்.

‘சிறகுகள்’ படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர் முடிந்து இருபது வருடங்கள் ஆகிவிட்டன. நாற்பது வயதைத் தாண்டிய நதேழ்தா ஒரு தொழிற்பள்ளியின் தலைமையாசிரியை. ஊரில் மரியாதை உண்டு, பதக்கங்கள் உண்டு. தத்தெடுத்து வளர்த்த மகள், தாயிடம் முன்கூட்டிச் சொல்லாமல் தன்னைவிட வயதில் மூத்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள். ஒழுங்கு தவறிய மாணவன் ஒருவனை நதேழ்தா பள்ளியைவிட்டு நீக்குகிறாள். அவன் முகத்துக்கு நேராகவே அவளை வெறுப்பதாகச் சொல்கிறான். உயிருடன் இருக்கும்போதே அவள் புகைப்படம் ஊர் அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

படம் ஒரு தையற்காரர் அவளுக்கு அளவெடுப்பதில் தொடங்குகிறது. தோள், மார்பு, இடுப்பு என்று எண்களாகிறது ஓர் உடல். இதே உடல் ஒரு காலத்தில் சண்டை விமானத்தின் இருக்கையில் உட்கார்ந்திருந்தது. இன்னொரு காட்சியில் மாலை நேரத்தில் தனியாக ஓர் உணவகத்துக்குப் போகிறாள். ஆண் துணையில்லாத பெண்ணுக்கு அங்கே இடம் கிடையாது. போரில் அவளை வானத்துக்கு அனுப்பிய நாடு, போர் முடிந்தபின் ஒரு மேசையில் தனியாக உட்காரவிடவில்லை. இதை ஷெபித்கோ வசனம் வைத்து விளக்கவில்லை. நதேழ்தா வெளியே வருகிறாள், தெருவில் நடக்கிறாள், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது சிற்றுண்டிக் கடைக் காட்சி. கடை நடத்தும் ஷூராவும் நதேழ்தாவும் கதவைச் சாத்திவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு பாட்டாகிறது. இருவரும் கைகோத்து ஆடத் தொடங்குகிறார்கள். திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்கு வெளியே ஆண்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஆட்டம் நின்றுவிடுகிறது. இரண்டு பெண்கள் தங்களுக்காகவே ஆடிய ஆட்டம், வெளியிலிருந்து ஒரு பார்வை விழுந்ததும் காட்சிப் பொருளாகிவிடுகிறது. பெண்களின் மகிழ்ச்சிக்குப் பொதுவெளியில் எவ்வளவு இடம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

மோசமான பிரதியில் இந்தக் காட்சியிலும் ஒன்று காணாமல் போயிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் முகங்கள் கறுப்புத் திட்டாக இருந்தன. இரண்டு பெண்களும் ஏன் நிறுத்தினார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

பிரதியின் தரம் என்பதைத் தொழில்நுட்பப் பைத்தியங்களின் கவலை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். கறுப்பு-வெள்ளைப் படம் என்று சொன்னாலும் அது உண்மையில் சாம்பல் நிறங்களால் ஆனது. கோப்பைச் சிறிதாக்குவதற்காக அளவுக்குமீறி அமுக்கும்போது முதலில் அழிவது அந்த நுட்பமான சாம்பல்கள்தான். வானம், நிழல், தோல் என்று மெல்ல மெல்ல மாறும் பரப்புகள் எல்லாம் பட்டைகளாகவும் கட்டங்களாகவும் சிதைகின்றன. நதேழ்தாவாக நடித்த மாயா புல்ககோவாவின் நடிப்பு முழுக்க அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. இறுகிய வாய், ஒரு நொடி தளர்ந்து மறுபடி இறுகும் கன்னம். அதை அழித்துவிட்டால் மிஞ்சுவது ‘திமிர் பிடித்த பொம்பளை’தான். நானும் அவளை அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்று, சட்டகம். இந்தப் படம் பழைய, சதுரத்தை நெருங்கிய வடிவில் எடுக்கப்பட்டது. அகலமான டிவியில் திரையை நிரப்புவதற்காக இழுத்துவிட்டால் எல்லோரும் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவார்கள். உடல் அளவெடுப்பதில் தொடங்கும் படத்தில் நாயகியின் உடலையே மாற்றிவிடுவது சின்னத் தவறில்லை. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

அடுத்தது சப்டைட்டில். ரஷ்ய மொழியில் நம்மைப் போலவே ‘நீ’யும் ‘நீங்க’ளும் வேறு வேறு. தந்தை பெயரைச் சேர்த்து ‘நதேழ்தா ஸ்தெபானவ்னா’ என்று அழைப்பது மரியாதை. நாம் ‘டீச்சர்’ என்று சொல்லி எட்டி நிற்பது போல. ஆங்கில சப்டைட்டிலில் எல்லோரும் எல்லோருக்கும் ஒரே விதமாகத்தான் பேசுகிறார்கள். ஊரே மரியாதையாகப் பேசுவதால் ஒருத்தி எவ்வளவு தனியாகிப் போகிறாள் என்பது அதில் தொலைந்துவிடுகிறது.

2008இல் அமெரிக்காவின் க்ரைட்டீரியன் நிறுவனம் தன் ‘எக்லிப்ஸ்’ வரிசையில் ‘சிறகுகள்’, ‘ஏற்றம்’ இரண்டையும் ஒரே பெட்டியாக வெளியிட்டது. எக்லிப்ஸ் என்பது எளிய பதிப்பு. பெரிய அளவில் புதுப்பிக்கும் வேலையோ பேட்டிகளோ விளக்கவுரைகளோ இருக்காது. கீறலும் தூசும் தெரியத்தான் செய்கின்றன. ஆனால் சாம்பல் இருக்கிறது, மேகம் இருக்கிறது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. 2021இல் ‘ஏற்றம்’ மட்டும் தனியாக ப்ளூ-ரேயில் வந்தது. ஷெபித்கோவின் சமகாலத்தவரான தார்க்கோவ்ஸ்கியின் படங்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டு விளக்கங்களோடு வந்துகொண்டே இருக்கின்றன. தார்க்கோவ்ஸ்கிமேல் எனக்குக் கோபமில்லை. எந்தப் படத்தைச் சுத்தப்படுத்திப் பத்திரப்படுத்துவது என்று தீர்மானிக்கும்போதே, எது ‘மகத்தான படம்’ என்ற தீர்மானமும் சேர்ந்து நடந்துவிடுகிறது என்கிறேன். பெண் தெய்வத்துக்குச் சமமாகத் துன்பப்பட்டால் மகத்தானது. நாற்பது வயதுப் பெண் வேலை செய்துகொண்டு, கோபப்பட்டுக்கொண்டு, பழசை நினைத்துக்கொண்டிருந்தால் அது ‘சின்னப் படம்’.

இந்தப் படம் என்னை இவ்வளவு பிடித்து ஆட்டியதற்கு எங்கள் ஊர்தான் காரணம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்குப் பதினெட்டு வயது. தொண்டராகச் சேர்ந்தேன். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில் எழுத்தோடு சைக்கிளும் பாடமானது. கல்குவாரிப் பெண்களும், விவசாயக் கூலிகளும், அங்கன்வாடி ஊழியர்களும் மாலையில் பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். நானும் அதில் ஒருத்தி.

எனக்கு முன்னால் போனவர் அன்னவாசல் பக்கம் குவாரியில் கல் உடைத்த ஓர் அக்கா. அவர் இருக்கும் புகைப்படம் ஒன்று என்னிடம் உண்டு. ஒவ்வொரு மார்ச் மாதமும் யாராவது வந்து அதை வாங்கிப் போவார்கள். ஜெராக்ஸ் எடுத்து, அதிலிருந்து இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து, நோட்டீஸில் போட்டு, நோட்டீஸைச் செல்போனில் பிடித்து அனுப்புவார்கள். இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் பிரதியில் சைக்கிள் தெரிகிறது, கொடி தெரிகிறது, அக்காவின் முகம் மட்டும் கறுப்பாக இருக்கிறது.

‘சிறகுகள்’ படத்தை என் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டினேன். வசனங்களைத் தமிழில் நாங்களே எழுதித் தாளாகக் கொடுத்தோம். ‘நீ’ எங்கே, ‘நீங்க’ எங்கே என்று சண்டை போட்டே இரண்டு வாரம் போனது. அக்காவையும் அழைத்திருந்தேன்.

படம் முடிந்ததும் மாணவிகள் நதேழ்தாவை விடவில்லை. “அந்தப் பையன என்ன ஏதுன்னு கேக்காமலே தொரத்திட்டாங்க மேடம். பொண்ணு வீட்டுக்குப் போயும் அதிகாரம்தான் பண்றாங்க” என்றாள் ஒருத்தி. மறுக்க முடியவில்லை. கட்டளைக்குப் பழகிய குரலில்தான் நதேழ்தா அன்பையும் பேசுகிறாள். தியாகம் செய்தவள் என்பதால் அவள் சொல்வதெல்லாம் சரி என்று படம் எங்கேயும் வாதாடவில்லை. “நாங்க அந்தக் காலத்துல எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா” என்று வகுப்பில் நான் தொடங்கும் வாக்கியங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. ஸ்கூட்டியில் வரும் பெண்களுக்கு என் சைக்கிள் கதை எத்தனையாவது முறையோ! அவர்கள் கண்களில் தெரியும் அலுப்பை ஷெபித்கோ 28 வயதிலேயே பார்த்துவிட்டார்.

ஆனால் அருங்காட்சியகக் காட்சியைப் பற்றி அவர்கள் பேசவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நதேழ்தாவின் படத்துக்கு முன் நிற்கிறார்கள். அவளும் செத்துப்போய்விட்டாளா என்று ஒரு குழந்தை கேட்கிறது. நதேழ்தா அந்தக் கூட்டத்துக்குப் பின்னால்தான் நிற்கிறாள். போன மார்ச்சில் எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, “இதுல இருக்கறவங்க யாராச்சும் இப்ப உசுரோட இருக்காங்களா மேடம்?” என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டிருந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் அன்று அக்கா உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சியில் நதேழ்தா விமானதளத்துக்குப் போகிறாள். பழைய நினைப்பில் ஒரு விமானத்தில் ஏறி உட்காருகிறாள். இளம் விமானிகள் விளையாட்டாக அதைக் கொட்டகையை நோக்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவள் முகத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகின்றன. திடீரென்று இயந்திரம் உறுமுகிறது. விமானம் திரும்பி ஓடி வானில் ஏறுகிறது. படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இது விடுதலையா தற்கொலையா என்று விமர்சகர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என் மாணவிகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

அக்கா அதுவரை பேசவில்லை. “எறக்கிருவா” என்றார். “ஓட்டத் தெரிஞ்சவளுக்கு எறக்கத் தெரியாதா? கொஞ்ச நேரம் சுத்திட்டு எறக்குவா. எறங்குனதுக்கப்பறம் இவனுங்க என்ன பண்ணுவானுங்கங்கறதுதான் தெரியல.”

இந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதுதான் சிறந்தது. மரணமா விடுதலையா என்ற கேள்வியே தரையில் நிற்பவர்களின் கேள்வி. ஓட்டியவளுக்கு அது திறமை, அவ்வளவுதான். பறந்து இறங்கிய பெண்ணை ஊர் என்ன செய்கிறது என்பதைத்தான் ஷெபித்கோ படம் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தார்.

இதைத் தேடிப் பார்க்கும் பெண்களுக்குச் சொல்கிறேன்: மேகம் தெரிகிற பிரதியைத் தேடுங்கள். தெரியவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். கிடைக்கும்வரை காத்திருப்பதில் தவறில்லை. நான் அந்தப் பழைய புகைப்படத்தின் நெகட்டிவ் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கிடையில் அக்காவைப் புதிதாக ஒரு படம் எடுத்தோம், நல்ல வெளிச்சத்தில், முகம் தெரிய. இந்த மார்ச்சில் பலகையில் அதுவும் இருக்கும்.