இரண்டு குரல், ஒரு மழை

முதல்முறை கேட்டபோது பாடுவது ஆணா பெண்ணா என்றே பிடிபடவில்லை. 'லிங் தோஷிதே ஷிகுரே' என்ற ஜப்பானிய ராக் குழு. ஷிகுரே என்றால் குளிர்காலம் தொடங்கும் வேளையில் விட்டுவிட்டுப் பெய்யும் சிறுமழை. பெயர்தான் தூறல், பாட்டு ஆலங்கட்டி மழை.

டோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவில் 2002இல் தொடங்கிய குழு. மூன்றே பேர். டிகே கிட்டார் வாசித்துப் பாடுகிறார். பேஸ் வாசித்துப் பாடும் பெண்ணின் பெயர் 345. அந்த எண்களை ஜப்பானிய முறையில் ஒலித்தால் 'மியோகோ', அவருடைய சொந்தப் பெயர்! டிரம்ஸ் பியர் நாகனோ.

டிகேயின் குரல் உச்சிக்கு ஏறி, கிழிந்துவிடுமோ என்று நாம் பதறும் இடத்தில், 345இன் மெல்லிய குரல் அலட்டிக்கொள்ளாமல் வந்து சேர்ந்துகொள்ளும். பெண் குரலைவிட ஆண் குரல் மேலே நிற்கும் கணங்களும் உண்டு. ஹெட்போனில் கேட்டால்தான் அந்த மாறாட்டம் முழுசாகக் காதில் விழும். துணைக்குரல் என்று ஒன்றைத் தள்ளவே முடியாது. எனக்கு இவர்களிடம் பிடித்ததே அதுதான்.

2005இல் முதல் ஆல்பத்தைத் தங்கள் சொந்த லேபிளிலேயே வெளியிட்டார்கள். 2008இல் சோனிக்குப் போனார்கள். 2010இல் வந்த ஆல்பம் ஜப்பானின் ஓரிக்கான் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2012இல் 'சைக்கோ-பாஸ்' அனிமேக்குத் தந்த 'அப்நார்மலைஸ்' பாட்டு வழியாகத்தான் வெளிநாட்டு ரசிகர்கள் பலர் இவர்களிடம் வந்தார்கள். நானும் அந்த வழியில் வந்தவன்தான். இன்றும் அந்தப் பாட்டின் கிட்டார் தொடங்கினால் கைவேலை நின்றுவிடுகிறது.