ஒயரில் ஒரு வளைவு

கல்கத்தாவில் துர்கா பூஜை வரும்போது மழை இன்னும் ஊரை விட்டுப் போயிருக்காது. பந்தல், தோரணம், சீரியல் விளக்கு எல்லாம் ஈரத்துக்கு நடுவில்தான் எரிய வேண்டும். கல்லூரிச் சதுக்கத்துக் குளத்தில் அந்த ஒளி தலைகீழாக விழுந்து அசைவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள சந்தன்நகரின் விளக்குக் கலைஞர்களை வங்காளமே கொண்டாடும். 2021இல் இந்தப் பூஜை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பிடித்தது. எல்லாப் புகழுக்கும் தகுந்த ஒளிதான் அது. ஆனால் என் கண் எப்போதும் அந்த ஒளிக்குப் பின்பக்கம் போகும். மூங்கில் கட்டிய இடத்தில், ஒயரும் ஒயரும் சேருகிற இடத்தில் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனின் கை தெரியும்.

அந்தக் கையின் அழகு முழுவதும் ஒரு வளைவில் இருக்கிறது. மேலிருந்து இறங்கும் ஒயரை நேரே இணைப்புப் பெட்டிக்குள் செருகமாட்டார். பெட்டியின் வாய்க்கும் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கித் திருப்பி, பெட்டியின் அடிப்பக்கமாக உள்ளே ஏற்றுவார். ஒயரின் மேல் வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் வந்து திரண்டு, சொட்டிப் போய்விடும். மேலேறத் தண்ணீருக்குத் தெரியாது. பசை வேண்டாம், ரப்பர் வேண்டாம், காசும் வேண்டாம். கொஞ்சம் ஒயர் கூடுதலாக விட்டால் போதும். தண்ணீரோடு மல்லுக்கு நிற்காமல் அதற்கு வழிகாட்டி அனுப்பிவிடும் இந்த நயத்துக்கு ஈடாக வேறெதையும் நான் சொல்லமாட்டேன்.

டேப் சுற்றுவதிலும் அதே புத்திதான். நிமிர்ந்து நிற்கும் ஒயரில் கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி இழுத்துச் சுற்றிக்கொண்டு மேலே போவார்கள். மேல் சுற்றின் விளிம்பு கீழ் சுற்றின் மேல் படிந்திருக்கும்; ஓட்டுக் கூரையில் ஓடு அடுக்கியதுபோல நீர் வழுக்கி இறங்கிவிடும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் தண்ணீரை ஏந்தும் வாயாகிவிடும். டேப் ஒன்றே, திசைதான் வேறு.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. இறுக மூடிய பெட்டியின் அடியில் சிறு துளை ஒன்று விடுவார்கள். பகலில் சூடான பெட்டி இரவில் குளிரும்போது, உள்ளிருக்கும் காற்றின் ஈரம் துளியாகப் படியும். வெளி மழைக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் உள்ளே பிறக்கும் இந்தத் தண்ணீரை யார் தடுக்க முடியும்? அது வெளியேறத்தான் அந்தத் துளை. பெட்டியின் மேல் ‘ஐபி 65’ என்று எழுதியிருந்தால் தூசி புகாது, பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று பொருள். தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கு அந்த எண் உறுதி தராது. கடைசி எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

கல்கத்தாவில் இந்த வேறுபாடு உயிர்க்கணக்கு. ஹூக்ளியில் ஏற்றநீர் வந்தால் மதகுகளை அடைத்தாக வேண்டும். தெருவில் நின்ற நீர் வடியாது. 2025 செப்டம்பர் 23ஆம் தேதி, பூஜைக்குச் சில நாட்களே இருக்கையில், 24 மணி நேரத்தில் சுமார் 250 மி.மீ. மழை கொட்டியது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் தாக்கித்தான் இறந்தார்கள். சுத்தமான நீர் மின்சாரத்தை அதிகம் கடத்தாது. தெருவின் அழுக்கும் உப்பும் கரைந்த நீரோ நன்றாகக் கடத்தும். ஆகவே இணைப்பை முழங்காலுக்கு மேல், முடிந்தால் தலைக்கு மேல் கட்டுகிற எலக்ட்ரீஷியனை நான் கலைஞர் என்றே சொல்வேன்.

இத்தனைக்கும் பின்னால் காவல் நிற்பது, மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டாலே, கண் இமைக்கும் நேரத்தில் அது ட்ரிப் ஆகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் நாமும் வாசலில் சீரியல் செட் கட்டுகிறோம், கோயில் திருவிழாவுக்குத் தெருவில் ஒயர் இழுக்கிறோம். கட்டும்முன் உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.யில் ‘T’ என்று எழுதிய பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விளக்கு அணையாவிட்டால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.