மேலகரத்துக் குறவஞ்சியும் பெத்லகேம் நாயகனும்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் செல்லும் சாலையில், இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருக்கிறது மேலகரம். சாரல் காலத்தில் அருவியை நாடி விரைவோர் பலர் இவ்வூரின் பெயர்ப்பலகையைக்கூடக் கவனிப்பதில்லை. தமிழ் படித்தோருக்கோ இது இரண்டு பெயர்களால் நினைவில் நிற்கும் ஊர். உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கையில் பெரிய இடம் பெற்ற திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் ஒருவர். அவருக்கு நூறாண்டுகளுக்கும் மேல் முற்பட்ட திரிகூடராசப்பக் கவிராயர் மற்றவர். கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி 1718ஆம் ஆண்டை ஒட்டி அரங்கேறியது என்பர். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக அளித்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் பெற்றது.

கிறித்தவ இலக்கியம் பேச வேண்டிய இடத்தில் குற்றாலநாதர் பவனியைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர் கேட்கலாம். தமிழர் இயேசுபிரானுக்குத் தீட்டிய உருவங்களுள் துணிவு மிக்க ஒன்று இந்த மேலகரத்துப் பாதையில் நடந்து வந்தது என்பதே நம் விடை. அது வந்த விதத்தைப் பார்த்தால், இன்று நம் பங்குகளில் தவக்காலம்தோறும் நடக்கும் திருப்பாடுகளின் நாடகத்தைப் பற்றியும் சில கேள்விகள் எழும்.

குறவஞ்சி என்பது ஒரு நூலின் பெயர் மட்டுமன்று. நாடகக் குழு ஒன்றின் அமைப்பும் ஆகும். கட்டியக்காரன் முன்னால் வந்து நாயகனின் பவனியை அறிவிப்பான். நாயகன் வீதியில் எழுந்தருள்வான். பந்தாடி நிற்கும் தலைவி அவனைக் கண்டு மயங்குவாள். தோழி தூது செல்வாள். பின்னர்க் குறத்தி வந்து மலைவளம் பேசி, தலைவியின் கையைப் பார்த்துக் குறி சொல்வாள். குறத்தியைத் தேடிச் சிங்கன் வருவான். அவனுக்குத் துணையாக நூவன். கவனித்துப் பாருங்கள். நாயகன் தொடக்கத்தில் ஒருமுறை வீதியில் வருவதோடு சரி. எஞ்சிய நாடகம் முழுவதும் மற்றவர் வாயால் நடக்கிறது. குற்றாலக் குறவஞ்சியைக் கற்றோர் மனத்தில் வசந்தவல்லியும் சிங்கியும் நிற்கும் அளவுக்குத் திரிகூடநாதர் நிற்பதில்லை. கவிராயர் மலையைக் குறத்திக்கே கொடுத்துவிட்டார். குற்றாலத்தில் குடியேறி வாழ்ந்த ரசிகமணி டி. கே. சி. இந்நூலில் மயங்கிக் கிடந்ததற்குக் காரணம் அந்தப் பெண்ணின் பேச்சாகவே இருக்க வேண்டும்.

இந்தக் குழு திருநெல்வேலிச் சீமையோடு நிற்கவில்லை. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் என்ற சிறுவனைச் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். (இவர் சீர்திருத்த சபையினர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய நம்மவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர்.) வேதநாயக சாஸ்திரியார் 1800ஆம் ஆண்டை ஒட்டி இயற்றியது 'பெத்லகேம் குறவஞ்சி'. இவரோடு பழகிய சரபோசி மன்னரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' பாடினார். அது தஞ்சைப் பெரிய கோவிலில் ஆடப்பட்டது. ஆக, ஒரே காலத்தில் ஒரே நகரில் ஒரு குறவஞ்சியில் மன்னர் பவனி வந்தார். இன்னொன்றில் மரியின் மகன் பவனி வந்தார்.

சாஸ்திரியார் செய்தது என்ன? குழுவின் பெயரை வைத்துக்கொண்டு உறுப்பினர் அனைவரையும் மாற்றினார். திரிகூடநாதர் நின்ற இடத்தில் பெத்லகேம் நாதர். வசந்தவல்லியின் இடத்தில் சீயோன் மகளாகிய தேவமோகினி, அதாவது திருச்சபை. குறத்தியின் இடத்தில் விசுவாசம். சிங்கனும் நூவனும் ஞானச் சிங்கனும் ஞான நூவனும் ஆயினர். அவர்கள் விரிக்கும் வலையில் அகப்படுவன ஆன்மாக்கள். பழைய ஆட்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஆயினும் பார்ப்பவருக்கு அது குறவஞ்சிதான்.

மேலைநாட்டு மெல்லிசைக் குழுக்களைப் பற்றி இத்தகைய வழக்கொன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1975இல் தோன்றிய 'லிட்டில் ரிவர் பேண்ட்' என்ற குழு இன்றும் பாடுகிறது. தொடங்கியவர்களுள் ஒருவரும் அதில் இல்லை. பெயரின் உரிமை சட்டப்படி வேறிடம் போய்விட்டதால், தொடங்கியவர்களே அப்பெயரில் பாட முடியாத நிலை. அங்கே எஞ்சியது பெயர். குறவஞ்சியில் எஞ்சியது பெயரோடு இடங்களும் ஆகும். கட்டியக்காரன் நிற்க ஓரிடம், ஏங்குபவள் நிற்க ஓரிடம், குறி சொல்பவள் நிற்க ஓரிடம். இடம் தெரிந்து நிற்பவன் புதியவனாயினும் குழு பழையதே. இடம் அழிந்தபின் பழைய ஆளே நின்றாலும் குழு போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

'வழிநூல்' என்று சொல்லிப் பெத்லகேம் குறவஞ்சியை ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதன் குறைகளை மறைப்பதும் நேர்மையாகாது. சிங்கனும் நூவனும் உபதேசப் பொருளைச் சுமக்கத் தொடங்கியதும் சிரிப்புக் குறைகிறது. குற்றாலத்துச் சிங்கன் பசியும் காதலும் சந்தேகமும் உள்ள மனிதன். அவனுடைய அசட்டுத்தனமே அவனுக்கு உயிர். தஞ்சைச் சிங்கனுக்கு அந்த உரிமை இல்லை. வானநூற் பகுதி வேறு வகை. ஞாயிற்றை நடுவில் வைத்துக் கோள்கள் சுழலும் புதிய கணக்கைக் குறவஞ்சிப் பாட்டுக்குள் கொண்டுவந்த துணிவுக்குத் தலை வணங்கலாம். மேடையில் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஐயமே.

பவனியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நற்செய்தியில் இயேசுவுக்கு ஆரவாரமான நகர்வலம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் கழுதைக் குட்டியின் மேல். உலா இலக்கணமோ யானையையும் தேரையும் குடையையும் கொடியையும் கேட்கும். அந்த இலக்கணத்துக்குள் ஆண்டவரைக் கொண்டுவரும் எந்தப் புலவனுக்கும் கழுதை மறைந்துபோகும் ஆபத்து உண்டு. மன்னர் உருவம் தமிழருக்கு எளிதில் இனிக்கும் உருவம். நம் தேர்த் திருவிழாக்களே அதற்குச் சான்று.

ஆயினும் இந்த நாடகத்தின் உயிர் பவனியில் இல்லை. நாயகன் போய்விட்டபின் வரும் குறத்தியிடம் இருக்கிறது. அவருடைய உருவத்தை நாம் அவளிடமிருந்தே பெறுகிறோம். இதே அமைதியை வேறொரு வழியில் நம் வீரமாமுனிவரிடமும் காணலாம். கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் தமிழகப் பணியைத் தொடங்கிய அவர், 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடியபோது இயேசுவைத் தலைவராக்கவில்லை, வளனைத் தலைவராக்கினார். வளர்ப்புத் தந்தையின் தோளிலும் மடியிலும் இருக்கும் குழந்தையாகவே அங்கே நாம் ஆண்டவரைக் காண்கிறோம். தமிழில் இயேசுவின் உருவம் அருகில் நிற்பவர் கண்ணில் படும்போது ஒளி பெறுகிறது. நேரே நிறுத்தி வைத்து வரையும்போது பெரும்பாலும் சிவகாசி நாட்காட்டியாகிவிடுகிறது. அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் தீட்டிய கிறிஸ்துவின் தலைப்படம் கோடிக்கணக்கில் அச்சாகி உலகெங்கும் பரவியது. நம் வீட்டுச் சுவர்களில் உள்ள பொன்னிற முடியும் மென்விழியும் அந்த வழிவந்தவையே. அந்த முகம் யாரையும் பார்ப்பதில்லை. அதை யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை.

குறத்திக்குத் திரும்புவோம். அவள் மலைவாழ் பெண். கூடையோடு தெருத் தெருவாய் அலைபவள். உயர்குடிப் பெண்ணின் வாசலுக்கு வந்து, அவள் கையைத் தன் கையில் வாங்கி, ரேகை பார்க்கிறாள். குறவஞ்சி என்ற நாடகமே அந்தத் தொடுதலில்தான் நிற்கிறது. சாஸ்திரியார் இந்த இடத்துக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தார். திருச்சபை ஏங்கி நிற்கும் அழகி. அவள் கையைப் பிடித்து, 'உன் நாயகன் வருவான்' என்று சொல்லும் உரிமை குறத்தியாகிய விசுவாசத்துக்கு. இதைவிடக் கூர்மையான இறையியலைத் தமிழ்க் கிறித்தவ நாடகத்தில் நான் கண்டதில்லை.

இங்கேதான் வருத்தமான செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிகள் ஆலயத்தில் சாதிப்படி தனித்தனியே அமரும் வழக்கத்தை ஒழிக்க முயன்றபோது, அதை எதிர்த்து எழுதியவர்களுள் முதன்மையானவர் வேதநாயக சாஸ்திரியார். தமிழ்ப் பாட்டையும் பண்பாட்டையும் அவர்கள் கைவிடச் சொன்னதை எதிர்த்த அதே மூச்சில், சாதி ஆசாரத்தையும் காக்க முனைந்தார். குறத்தி சீயோன் மகளின் கையைத் தொட்ட காட்சியை எழுதிய கைதான் இதையும் எழுதியது. கவிஞரைவிட அவர் எடுத்துக்கொண்ட வடிவம் அகன்ற மனத்தோடு இருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. மேலகரத்துக் கவிராயர் வகுத்துத் தந்த இடம், அதில் வந்து நின்றவரையும் மீறிப் பேசிவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் அந்த இடம் பாலர் நாடகக் கம்பெனிகளிடம் சென்றது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. இவ்வழியில் தோன்றிய நவாப் இராஜமாணிக்கம் தம் தேவி பால விநோத சங்கீத சபையில் இராமதாசரையும் ஐயப்பனையும் மேடையேற்றியதோடு 'இயேசுநாதர்' நாடகத்தையும் நடத்தினார். செங்கோட்டை வழியே சபரிமலை செல்லும் அன்பர்களை ஆண்டுதோறும் காணும் நமக்கு இது வியப்பான செய்தி: தமிழகத்தில் ஐயப்ப பக்தியைப் பரப்பியதாகச் சொல்லப்படும் அதே குழுவே ஆண்டவரின் பாடுகளையும் ஊர் ஊராய்க் கொண்டு சென்றது. பின்னாளில் திரையில் கொடியவராகவும் வாழ்க்கையில் சபரிமலைக் குருசாமியாகவும் அறியப்பட்ட எம். என். நம்பியார் சிறுவனாய்ச் சேர்ந்தது இந்தக் குழுவில்தான்.

பாலர் கம்பெனியில் எந்தப் பையனும் நிலையானவன் அல்லன். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ஸ்திரீபார்ட் வேறொருவனுக்குப் போகும். வளர்ந்தால் ராஜபார்ட் கைமாறும். சில ஆண்டுகளில் குழுவே புதிய முகங்களாகிவிடும். பாடமோ வாத்தியாரிடமிருந்து வாய்வழியாக அடுத்த பையனுக்கு இறங்கும். ஒவ்வொரு தொண்டையும் அதே சொல்லைப் புதிதாகச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். இயேசுவின் சொற்கள் அங்கே ஒரு பையனின் நடுங்கும் குரலிலிருந்து இன்னொரு பையனின் நடுங்கும் குரலுக்குப் போயின.

இன்று நம் பங்குகள் பலவற்றில் நடப்பது இதற்கு நேர்மாறு. உரையாடல் முழுவதும் முன்பே ஒலிப்பதிவு செய்யப்பட்டிருக்கிறது. மேடையில் நிற்கும் இளைஞர் வாயசைக்கிறார். ஆண்டுதோறும் இளைஞர் மாறுகிறார். குரல் மட்டும் மாறுவதில்லை. எப்போதோ யாரோ கனத்த குரலில் பேசிய கெத்செமனி மன்றாட்டுக்கு, இந்த ஆண்டு பிறந்த வியர்வை வாடகைக்கு விடப்படுகிறது. ஏற்பாடு செய்வோரின் கவலை எனக்குப் புரியாமலில்லை: ஒலிவாங்கி சதி செய்யும், பையன் வசனத்தை மறப்பான், கூட்டம் சிரிக்கும். சிரிக்கட்டுமே. மறந்து தடுமாறிய பேதுருவைக் காட்டிலும் பிழையின்றி வாயசைக்கும் பேதுரு எனக்கு அந்நியராகப்படுகிறார்.

பவேரியாவின் ஓபராம்மர்கௌ கிராமத்தார் கொள்ளைநோயின்போது 1633இல் நேர்ந்துகொண்ட வேண்டுதலின்படி 1634 முதல் திருப்பாடுகளின் நாடகத்தை நடத்தி வருகின்றனர். பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை. 2020இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் 2022இல் நடந்தது. முதலில் நடித்தவர்களின் எலும்பும் இன்று இராது. அவ்வூரில் பிறந்தவரோ இருபது ஆண்டுகள் வாழ்ந்தவரோதான் நடிக்கலாம் என்ற விதி மட்டும் நிற்கிறது. ஆனால் அந்த ஊரும் 'யார் இந்த இடத்தில் நிற்கலாம்' என்ற கேள்வியிலிருந்து தப்பவில்லை. மணமான பெண்களும் 35 வயதைக் கடந்த பெண்களும் மேடையேற 1990இல் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. 2022இல் யூதாசாக நின்றவர்களுள் ஒருவர் துருக்கிய வழிவந்த இசுலாமிய இளைஞர்.

நம் ஊர்களில் இந்தக் கேள்வியை யாரும் நீதிமன்றத்துக்குக் கொண்டு போவதில்லை. ஒத்திகைக்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. இயேசுவாக வருபவர் நிறமாக இருக்க வேண்டும் என்கிறார்கள், நாட்காட்டியை மனத்தில் வைத்து. எந்தத் தெருப் பிள்ளை என்பதையும் சில ஊர்களில் சொல்லாமலே தீர்மானித்துவிடுகிறார்கள்.

பெத்லகேம் குறவஞ்சியை ஏதேனும் ஒரு பங்கு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் மேடையேற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். முழு நூலும் ஓர் இரவுக்குத் தாங்காது. வானநூற் பகுதியைச் சுருக்கலாம். நூவனுக்குக் குற்றாலத்து நூவனின் குறும்பைக் கொஞ்சம் கடன் வாங்கிக் கொடுக்கலாம். பவனிக்கு யானை வேண்டியதில்லை. ஒலிப்பதிவும் வேண்டாம், ஆர்மோனியமும் மிருதங்கமும் போதும். நாயகனாக யார் வருவது என்ற பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதலில் குறத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தத் தெருவிலிருந்து அவள் வருகிறாள், தேவமோகினியாக வரும் பெண் எந்தத் தெருவைச் சேர்ந்தவள், அவள் வீட்டார் முன்னிலையில் இவள் அவள் கையைப் பிடிப்பாளா என்பது முதல் நாள் ஒத்திகையிலேயே தெரிந்துவிடும்.