உலோகத்தில் பதிந்த மலையும் பதியாத கைகளும்

நினைவுப் பதக்கங்களையும் நினைவு நாணயங்களையும் சேகரிப்போர் பலர்; அவற்றைக் கலைப்படைப்பாகக் கருதி எடைபோடுவோர் நம்மிடையே சிலரே. ஓர் இனம் தன் வரலாற்றில் எதைப் போற்றுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை அந்தச் சிறு வட்டம் காட்டிக் கொடுத்துவிடும். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த இரு நாணயங்களை அருகருகே வைத்து நோக்குவோம். ஒன்று, அர்மீனிய எழுத்து தோன்றிய 1600ஆம் ஆண்டு நினைவாக அந்நாட்டின் மத்திய வங்கி வெளியிட்டது. மற்றொன்று, தண்டி யாத்திரையின் 75ஆம் ஆண்டு நினைவாக நம் அரசு வெளியிட்டது.

கிறிஸ்தவத்தை 301ஆம் ஆண்டிலேயே அரச சமயமாக ஏற்றவர்கள் என மரபு போற்றும் மக்கள் அர்மீனியர். விவிலியத்தைத் தாய்மொழியில் தருவதற்கென்றே புனித மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் 405ஆம் ஆண்டளவில் அவர்தம் எழுத்தை வகுத்தார். அவ்வெழுத்தோடு அவர்கள் ஓயாது பொறிக்கும் மற்றொரு சின்னம், நோவாவின் பேழை தங்கியதாக நம்பப்பெறும் அரராத்து மலை. நாட்டின் அரசுச் சின்னத்தின் நடுவிலும் அதுவே, பதக்கங்களிலும் அதுவே, பிராந்திப் புட்டியையும் அது விட்டுவைக்கவில்லை! சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மலைதான். ஆயினும் அம்மலை இன்று துருக்கியின் எல்லைக்குள் நிற்கிறது என்பதை அறிந்தபின் நம் சலிப்பு அடங்கிவிடுகிறது. கையைவிட்டுப் போனதை அவர்கள் உலோகத்தில் காத்து வருகின்றனர். எழுத்தும் அவ்வாறே. நாடு சிதறிய காலத்தில் அவர்கள் சென்ற இடமெல்லாம் அது உடன் சென்றது. அர்மீனிய மொழியின் முதல் இதழான 'அஸ்தாரார்' 1794இல் வெளிவந்த இடம் நம் சென்னையே. நடத்தியவர் ஹாருத்யூன் ஷ்மாவோன்யான் என்னும் குருவானவர். குருக்கள் அச்சகமும் மெய்ப்புமாக அல்லற்படுவது நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று.

இனி நமது நாணயம். காந்தியடிகள் கோலூன்றி நடக்க, பின்னே தொண்டர் தொடர்கின்றனர். உருவில் குறையில்லை, நடையில் வேகமும் உண்டு. ஆனால், அவர்கள் எதற்காக நடந்தனரோ அந்த உப்பைக் காணோம். உப்பு விளைவித்த கையையும் காணோம். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அது குறிக்கும் மெய்ப்பொருளையே சென்றடைகிறது என்று தெளிவுபடுத்தியது. அந்த அளவுகோலால் அளந்தால், அரராத்து பொறித்த பதக்கம் நம்மை மலையடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தண்டி நாணயமோ நம்மைத் தலைவரோடு நிறுத்திவிடுகிறது. அளத்தின் வரப்புவரை அழைத்துச் செல்லவில்லை.

சிறு வட்டத்தில் இதற்குமேல் இடமேது எனச் சிலர் கேட்கலாம். தேவி பிரசாத் ராய் சௌத்ரியை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். பழைய 500 ரூபாய்த் தாளின் பின்புறம் நாம் கண்டது, டில்லியில் அவர் வடித்த தண்டி யாத்திரைச் சிலையே. அத்தாள் 2016 நவம்பரில் செல்லாததாயிற்று. அதே சிற்பி, மெரினாவில் 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையில் தலைவர் எவரையும் வைக்கவில்லை. பாறையைப் பெயர்க்கும் நால்வரே அதில் உள்ளனர். அந்த நால்வரின் புடைத்த நரம்புகள் போதாவா, ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்ல? நாணயச் சாலைக்கு வழிகாட்ட வேறு கலைஞரைத் தேட வேண்டியதில்லை.

பொறிக்கத்தக்க உருவங்களும் அருகிலேயே உள்ளன. மரக்காணத்து அளங்களில் உச்சி வெயிலில் வாருபலகையை இழுக்கும் முதுகு, உப்புக்கூடையை அம்பாரத்துக்குச் சுமக்கும் பெண்ணின் கழுத்து, உவர்நீரில் வெடித்த பாதம், வெண்மையின் கூச்சத்தால் சுருங்கிய கண் ஆகியன போதுமே. உப்பு வரி 1947இல் ஒழிந்தது. இந்த வெயில் ஒழியவில்லை. ஐப்பசி மழை இறங்கியதும் பாத்திகள் நீரில் அமிழ்ந்துவிடும். மழை ஓய்ந்து, சேற்றை மீண்டும் மிதித்துப் பாத்தியைக் கெட்டிப்படுத்தும் நாள்வரை அக்குடும்பங்களுக்கு அளத்தில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.