ஹைதரிக் காசும் தராசுத் தட்டும்

பழைய வெள்ளிக் காசின் தரத்தை உறுதி செய்வது எது? அதன் எடையா, தேய்மானமா, அதில் பொறிக்கப்பட்ட எழுத்தா? நீலகிரி மலையில் இவ்வினாவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1799இல் திப்பு சுல்தான் வீழும் வரை இம்மலை மைசூர் ஆட்சியின் எல்லைக்குள் இருந்தது. குன்னூரை அடுத்த பக்காசூரன் மலைக்கோட்டை அக்காலத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. அதன்பின் கும்பினி ரூபாய் வந்தது. தோடர் பெண்களின் அணிகலன்களில் வெள்ளி நாணயங்கள் இடம்பெற்றதை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். ஆகவே இங்கு பழைய வெள்ளி என்பது கருவூலப் பொருள் மட்டுமன்று. உடலில் அணிந்து தலைமுறைகளாகக் காத்த பொருளுமாகும்.

இத்தகைய காசுகளை மதிப்பிடும் வழக்கில் மூன்று பிழைகளைக் காண்கிறோம்.

முதலாவது, எடை குறித்தது. 1835இல் கும்பினி அரசு ஒருசீராக்கிய ரூபாய் 180 கிரெயின், அதாவது 11.66 கிராம் எடை கொண்டது; பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அந்த ரூபாயையே அளவுகோலாகக் கொண்டவர், ஏறத்தாழ 11.4 கிராம் உள்ள திப்புவின் ‘இமாமி’ ரூபாயைக் கையில் எடுத்ததும், குறைந்த எடையைத் தேய்மானம் எனக் கழித்துவிடுகிறார். ஓர் அரசின் எடைக்கற்களால் மற்றோர் அரசின் காசை நிறுப்பது நீதியாகாது.

இரண்டாவது, தரப்படுத்தல் குறித்தது. இன்று உலகெங்கும் வழங்கும் 1 முதல் 70 வரையிலான எண்முறை, 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்பு சென்ட் நாணயங்களுக்காக வகுத்தது. திப்புவின் காசுகளோ கையால் சம்மட்டி கொண்டு அடிக்கப்பட்டவை. அச்சு சற்றே சாய்ந்திருந்தாலும் ஒருபக்க எழுத்து மங்கும். அது அடிப்பின் குறையே தவிரப் புழக்கத்தின் தேய்வன்று. மங்கிய இடத்தின் தளம் வழவழப்பாகத் தேய்ந்துள்ளதா, உலோகம் தொடக்கத்திலேயே அச்சில் நிறையாமல் நின்றதா என்று பார்க்காமல் எண் இடுவது பொருளற்றது.

மூன்றாவதே மிகப் பெரிது: எழுத்தை வாசியாமை. திப்பு தம் ஐந்தாம் ஆட்சியாண்டு முதல் ஹிஜ்ரி ஆண்டை விடுத்து ‘மவ்லூதி’ ஆண்டைப் பொறித்தார். ஹிஜ்ரி 1201ஐ அடுத்துக் காசில் 1215 வருகிறது. பெயர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பைச் சுட்டினாலும், ஏறத்தாழ 14 ஆண்டு இடைவெளி நுபுவ்வத்தின் தொடக்கத்தோடுதான் பொருந்துகிறது. மேலும், அவ்விலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டவை. வழக்கம்போல் இடமிருந்து வாசிப்பவருக்கு 5121 என்று தோன்றும். அவர் போலி என்பார். திருத்தி வாசித்தும் அதை ஹிஜ்ரி எனக் கொள்பவருக்கு 1800ஆம் ஆண்டு கிடைக்கும். சுல்தான் ஷஹீதானது 1799 மே மாதம் என்பதை அறிந்த அவரும் போலி என்றே முடிவு கட்டுவார். 1787-88க்குரிய மெய்யான காசு இவ்வாறு உருக்கு உலைக்குத் தகுதி பெற்றுவிடுகிறது!

பெயர்களையும் நோக்குக. இரட்டை ரூபாய் ஹைதரி. அது ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயரையும் சுல்தானின் தந்தையையும் ஒருங்கே நினைவூட்டுவது. ரூபாய் இமாமி. அதன் கூறுகள் முறையே ஆபிதி, பாகிரி, ஜஃபரி, காஸிமி. இமாம்கள் ஸைனுல் ஆபிதீன் முதல் மூஸா அல்காஸிம் வரை அடுத்தடுத்து வரும் நால்வரின் பெயர்கள். கடைசிச் சிறு காசு கிள்ரி. குத்பாவும் ஸிக்காவும் அரசுரிமையின் இரு சான்றுகளாகக் கருதப்பட்ட காலத்தில், இக்காசுகளில் முகலாயப் பேரரசர் பெயர் இல்லை. அவ்விடுபடல் ஓர் அரசியல் அறிவிப்பு. ‘அரை’, ‘கால்’ என்று மட்டும் விலைப்பட்டியலில் எழுதினால் இவ்வளவும் மறைந்துபோகும்.

1921இல் சென்னையில் வெளியான ஹெண்டர்சனின் நூல் இக்காசுகளுக்கு அடிப்படை ஆவணம். பெயர், அக்கசாலை, ஆண்டு என்று அவர் வகுத்த ஒழுங்கு இன்றும் பயன்படுகிறது. ஆனால் சேகரிப்பாளர் பலர் அதிலிருந்து ‘அரிது’ என்னும் தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு, வாசிப்பைக் கைவிட்டனர் என்பதே நம் குறை.

வெள்ளியின் அளவு மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு 1911ஆம் ஆண்டு ரூபாய் சான்று. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை, பன்றியைப் போல் தோன்றியதால் முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்தது, உருவம் திருத்தப்பட்டது. எடையும் வெள்ளியும் 1912ஆம் ஆண்டு ரூபாய்க்குச் சமமே. ஆயினும் சேகரிப்பாளர் தேடுவது முந்தையதையே.

வளையம் பற்றவைத்த தழும்பும் சராப்புகள் இட்ட சோதனை முத்திரையும் சந்தையில் விலையைக் குறைக்கும். விற்பவர் அவற்றை மறைக்கலாகாது. எனினும் அவை காசின் வாழ்க்கைச் சான்றுகள். அவற்றை அராவி நீக்குவது இரட்டை இழப்பு. புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது அதனினும் கொடிது. போன மேற்பரப்பு மீளாது.

எனவே நாம் முன்வைக்கும் வரிசை இது: முதலில் வாசித்தல், பிறகு நிறுத்தல், அதன்பின் தேய்மானம் காணல், இறுதியாகவே விலை. மண்ணில் கிடைத்த புதையலாயின் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை. ஃபார்ஸி எழுத்தறிந்தோர் நம்மிடையே அருகிவரும் இந்நாளில், மதரஸாக்களின் ஆலிம்கள் இவ்வாசிப்புக்கு முன்வருவார்களாயின், உருகிப்போகவிருக்கும் பல காசுகள் வரலாறாக எஞ்சும்.