பொலிஸ் மீதான முறைப்பாட்டை யார் கேட்பது?

தெல்தோட்டையில் தோட்ட லயத்தில் இருப்பவர் பொலிஸில் என்ட்ரி போடப் போனால், தமிழில் சொல்ல அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனாலும் சிங்களத்தில் எழுதியதன் அடியில் கையொப்பம் வைத்துவிட்டு வருவது மலையகத்தில் பழகிப்போன காரியம். தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. முறைப்பாடு பொலிஸ் மீதே என்றால்தான் இரு நாட்டாரும் ஒன்றுபோலத் திண்டாடுகிறார்கள்.

இரண்டு பொலிஸும் வெள்ளைக்காரர் காலச் சட்டத்தில் உருவானவை: சென்னை மாகாணத்தில் 1859ஆம் ஆண்டுச் சட்டம், இலங்கையில் 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். குடிமக்களுக்குப் பதில் சொல்லும் கடமை வெகுகாலம் கழித்தே வந்தது.

இலங்கை அந்தக் கடமையை அரசியலமைப்பிலேயே எழுதியது. 2001இல் 17ஆம் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உண்டாக்கியது. 2010, 2020 திருத்தங்கள் அதன் சுதந்திரத்தைக் குறைத்தன. 2015, 2022 திருத்தங்கள் மீட்டன. ஆனால் ஆணைக்குழு தன் ஒழுக்காற்று அதிகாரத்தில் பெரும்பகுதியைப் பொலிஸ் மா அதிபரிடமே ஒப்படைத்திருக்கிறது.

இந்தியாவில் அதைத் தூண்டியது உச்ச நீதிமன்றம். ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் மாநிலத்திலும் மாவட்டத்திலும் புகார் ஆணையம் அமைக்கும்படி 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உத்தரவிட்டது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ உள்துறைச் செயலாளரையும் மாவட்ட ஆட்சியரையும் தலைவர்களாக்கி, பொலிஸ் உயரதிகாரிகளை உறுப்பினர்களாக உட்கார வைத்தது. அந்த ஆணையம் மக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சுதந்திரமாக இல்லை. இலங்கை ஆணைக்குழு ஏட்டில் சுதந்திரமானது. தோட்டத்து மக்களுக்கு எட்டாதது.

பெரிய வழக்குகளில் இரண்டு நாட்டிலும் நீதிமன்றமே கைகொடுத்தது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. 2011இல் தொடுத்த சித்திரவதை வழக்கில், மூத்த பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னகோனும் பொறுப்பு என இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது 2023 டிசம்பரில். அதன் பிறகும் அவர் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது.

பன்னிரண்டு வருடம் வழக்காடக் கொழுந்து பறிப்பவருக்கு நாட்சம்பளம் இடங்கொடுக்காது. ஆகவே தமிழ்நாடு மாவட்ட ஆணையத்தில் ஆட்சியருக்குப் பதில் நீதிபதியை அமர்த்தட்டும். நமது ஆணைக்குழு, பொலிஸைச் சாராத தன் சொந்த விசாரணையாளர்களைத் தெல்தோட்டை போன்ற ஊர்களுக்கு அனுப்பி, முறைப்பாட்டைத் தமிழில் கேட்டு, தமிழிலேயே பதில் எழுதட்டும். பொலிஸ் சீர்திருத்தத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முதற்செலவு அதுவாகட்டும்.