மாவர்தீ சொன்னதும் சொல்லாததும்

நிகாஹ் சபையில் நாம் தெளிக்கின்ற பன்னீருக்கு அரபியில் 'மாவுல் வர்த்' என்று பெயர். பன்னீர் வாணிகம் செய்த குடும்பத்தில் பிறந்தமையால் 'மாவர்தீ' என்று பெயர் பெற்ற பேரறிஞர் ஒருவர், ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் பக்தாதில் வாழ்ந்தார். அந்நாளில் கலீஃபா பெயரளவில் ஆண்டார். படையும் பணமும் புவைஹிக் குலத்து அமீர்களின் கையில் இருந்தன. அவர்களுள் ஒருவரான ஜலாலுத் தௌலா, ஹிஜ்ரி 429இல் (கி.பி. 1038) தம்மை 'மன்னாதி மன்னர்' என்று குத்பாவில் விளிக்க வேண்டுமென விரும்பினார். மார்க்க அறிஞர்களிடம் ஃபத்வா கேட்கப்பட்டது. வேறு சிலர் இசைந்தனர். அமீருக்கு மிக நெருங்கிய நண்பராயிருந்த மாவர்தீ இசையவில்லை. அத்தகைய பெயர் அல்லாஹ்வுக்கு மிக வெறுப்பானது என்ற நபிமொழி அவர் கண்முன் நின்றது. மறுத்துவிட்டு வீட்டினுள் அடைந்துகொண்டார். சில மாதங்களுக்குப் பின் அமீர் அழைத்தபோது அஞ்சியவாறே சென்றார். அமீரோ, நட்புக்காகக்கூட உண்மையை வளைக்காத அவரது நேர்மையை மெச்சி, முன்னிலும் மதித்தார் என்று வரலாறு கூறுகிறது.

இத்தகைய அஞ்சாநெஞ்சர் எழுதிய நூலே 'அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா'. இஸ்லாமிய ஆட்சிமுறை பற்றி மேடையேறுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் நூல் இது. படித்துப் பார்த்தோர் மிகச் சிலரே என்பது நம் ஐயம். படிக்கப் புகுந்த நமக்கோ மெச்சுதலும் மனக்குறையும் ஒருங்கே உண்டாயின.

இருபது அத்தியாயங்கள். இமாமத், அமைச்சு, படை, நீதித்துறை, வரி, தண்டனை என ஆட்சியின் உறுப்பு ஒவ்வொன்றையும் சட்டத்தின் கண்கொண்டு அளக்கின்றார் ஆசிரியர். தலைவருக்கு வேண்டிய தகுதிகள் ஏழு. அவற்றுள் முதலாவது நேர்மை. நேர்மை கெட்டால் பதவிக்குரிய தகுதியும் போயிற்று என்கிறார். உடற்குறைகளையும் விடவில்லை. பார்வை போனால் தலைமை நீங்கும்; மாலைக்கண் இருந்தால் நீங்காது; மோப்பமும் சுவையும் கெட்டாலும் நீங்காது. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர், நேர்மை கெட்ட தலைவரை இறக்குவோர் யார், எந்த மன்றத்தில், எம்முறையில் என்ற இடத்தில் வாய் திறக்கவில்லை. மூக்கின் மோப்பத்துக்கு விடை உண்டு; கொடுங்கோலனுக்கு விடை இல்லை!

அடுத்து, வன்முறையால் ஒரு நாட்டைக் கைப்பற்றிய அமீரைப் பற்றிய பகுதி. அவனைக் கலீஃபா அங்கீகரிக்கலாம் என்கிறார். காரணம் கூறும்போது, இயலாத நிலையில் நிபந்தனைகள் தளரும் என்கிறார். பொதுநலனுக்குக் கேடு வரும் என்ற அச்சத்தையும் துணைக்கு அழைக்கின்றார். இங்குதான் அறிஞர் கிப் அவர்மீது பாய்ந்தார். 1937இல் ஐதராபாத்திலிருந்து வெளிவந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, இந்த ஒரு விட்டுக்கொடுப்பே சட்டத்தின் கட்டிடம் முழுவதையும் தகர்க்க வல்லது என்ற கருத்தைக் கொண்டது.

கிப்பின் கண்டனத்தை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. மாவர்தீ வெறுமனே தலையசைத்துவிடவில்லை. கைப்பற்றியவன்மீது ஏழு கடமைகளைச் சுமத்துகிறார். வரியை உரிமைப்படி வாங்குதல், தண்டனையை உரியவன்மீது மட்டுமே செலுத்துதல், மார்க்கத்தைக் காத்தல் ஆகியன அவற்றுள் சில. கத்தி எடுத்தவனுக்குக் கடிவாளம் பூட்டுகின்ற முயற்சி இது. கடிவாளத்தைப் பிடிக்கும் கை எங்கே என்று கேட்டால்தான் அவர் மீண்டும் மௌனமாகிறார்.

அம்மௌனத்தின் விலையைப் பின்வந்தோர் கொடுத்தனர். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), தம் 'அல் இக்திஸாத்' நூலில் குடும்பத்தையே முன்நிறுத்தி வாதிடுகின்றார். தகுதிக்குறைவு காரணமாக இக்காலத் தலைமை செல்லாது என்று கூறிவிட்டால், காழிகள் பதவி இழப்பர், வலீமார் உரிமை போகும், நிகாஹ்கள் கூடா, மக்கள் அனைவரும் ஹராமில் உழல்வர். அதைக் காட்டிலும் குறையுள்ள தலைமையை ஏற்பது மேல் என்பது அவர் முடிவு. நெஞ்சை நடுங்கச் செய்யும் வாதம்! தம் பெற்றோரின் நிகாஹ் செல்லாது என்று கேட்க எவர்தாம் துணிவர்?

ஹிஜ்ரி 733இல் மறைந்த கெய்ரோவின் தலைமைக் காழி இப்னு ஜமாஆவோ எஞ்சிய கடிவாளத்தையும் கழற்றினார். பலத்தால் வென்றவன் அறிவிலியாயினும் தீயோனாயினும் அவன் தலைமை செல்லும். வேறொருவன் அவனை வென்றால் அந்த வேறொருவனே தலைவன். மூவரும் நம் கடற்கரையூர்களில் பலவற்றில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த பெருமக்கள் என்பதால் இதனைப் பிறர் வீட்டுக் கதையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

கஸ்ஸாலியின் அச்சம் மெய்யாயிற்றா? 1924இல் துருக்கியில் கிலாஃபத்தே ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே நம் நாட்டில் முஸ்லிம் ஆட்சி மறைந்திருந்தது. ஆயினும் நம் வீடுகளில் நிகாஹ் நின்றதில்லை. மஹரும் பாகப்பிரிவினையும் நின்றதில்லை. பள்ளிவாசல் ஜமாஅத்துகள் நடத்தி வந்தன. முஸ்லிம் அல்லாதார் ஆளும் நாட்டில் முஸ்லிம்களின் இசைவாலேயே ஒருவர் காழியாகலாம் என்று ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு ஹிஜ்ரி 1252) எழுதி வைத்திருக்கின்றார். சட்டத்தின் வேர் அரியணைக்கு அடியில் மட்டுமே ஓடுகின்றது என்ற எண்ணமே பிழை என்று நமக்குத் தோன்றுகிறது. மக்களின் இசைவிலும் அது ஊன்றியிருக்கின்றது. மாவர்தீ அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்திருப்பாராயின், இறக்குவோர் யார் என்ற கேள்விக்கும் விடை தட்டுப்பட்டிருக்கலாம்.

வியப்பு என்னவெனில், 'அதபுத் துன்யா வத்தீன்' என்னும் தம் ஒழுக்கநூலில் அவரே உலகநலனுக்கு வேண்டிய ஆறு பொருள்களை எண்ணும்போது, வலிமைமிக்க ஆட்சியை ஒன்றாகவும், எல்லோரையும் தழுவும் நீதியைத் தனியே மற்றொன்றாகவும் வைக்கின்றார். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒழுக்கம் பேசும் மாவர்தீ அறிந்திருந்தார். சட்டம் பேசும் மாவர்தீ, முதலாவது இருந்தால் இரண்டாவது எப்படியாவது வந்துசேரும் என்று நம்பியவர்போல் எழுதுகின்றார்.

குறைமுறையீட்டு மன்றமான 'மளாலிம்' பற்றிய அத்தியாயமே நூலின் மணிமுடி. வலியோரை அடக்க வல்ல அச்சமூட்டும் அதிகாரம் வேண்டும் என்பார். அம்மன்றத்தில் காவலர், காழிகள், சட்ட அறிஞர், எழுத்தர், சாட்சிகள் ஆகிய ஐவகையாரும் அமர்ந்திருக்க வேண்டும் என்பார். அங்கே ஒரு நிகழ்ச்சி. கந்தலுடுத்த பெண்ணொருத்தி கலீஃபா மஃமூனிடம் வந்து, தன் நிலம் பறிபோனதை முறையிடுகின்றாள். பறித்தவர் கலீஃபாவின் மகன் அப்பாஸ். மகனை அவளருகிலேயே எதிராளியாக அமர்த்துகின்றார் மஃமூன். அவள் குரல் உயர்கின்றது. அதட்டியவரைத் தடுத்து, உண்மை அவளைப் பேசவைத்தது, பொய் இவனை ஊமையாக்கிற்று என்னும் கருத்துப்படக் கூறுகின்றார் கலீஃபா. நிலம் திரும்புகின்றது.

இதனைச் சொல்லிவிட்டு மாவர்தீ, கலீஃபா விசாரணையை ஏன் வேறொருவரிடம் ஒப்படைத்தார் என்று ஆராய்கின்றார். மகனுக்குச் சார்பாகத் தந்தை தீர்ப்பளிப்பது கூடாது என்பது அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று. அருமையான சட்டப்பார்வை. அவளருகில் அமரவேண்டியவர் மகனாக இல்லாமல் மஃமூனாகவே இருந்திருந்தால், அவரை அங்கே அமர்த்துவோர் யார் என்பதற்கு அவ்வத்தியாயத்தில் நமக்குத் தெளிவான விடை கிட்டவில்லை.